அடுப்படிக் குழாயில் வந்த வெந்நீர்

ஹீட்டர் பழுது பார்க்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளிடம் பேசச் சொல்லி சங்கத்தில் கேட்டார்கள். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை நன்றியுரைக்கு மேடை ஏறி, வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கியவன் நான். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பொறுத்துப் படியுங்கள்.

நான் வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தோள்பட்டை தேய்ந்துவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. இந்த ஹீட்டரைக் கண்டுபிடித்த புண்ணியவான் அதைத் தலைக்கு மேல்தான் மாட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான். இடுப்பு உயரத்தில் மாட்டச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருப்பேன்.

தண்ணீரைச் சூடாக்குகிற காயிலை மாற்றுவது எப்படி, தெர்மோஸ்டாட் பார்ப்பது எப்படி என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. உங்கள் போனிலேயே வீடியோ கிடக்கிறது. நானும் பார்த்தேன். நன்றாகத்தான் செய்கிறான். ஆனால் அந்த வீடியோவில் ஹீட்டரைத் தவிர வீட்டில் யாருமே இல்லை. வெள்ளைச் சுவர், புது ஹீட்டர், பளிங்கு மாதிரித் தண்ணீர். நம் ஊரில் ஹீட்டர் அப்படியா தொங்குகிறது? ஹீட்டருக்குக் கீழே ஒரு குடும்பமே நிற்கும். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லும். அதில் பாதிப் பேர் எதையாவது மறைப்பார்கள். காயில் ஒன்றையும் மறைக்காது. எரிந்திருந்தால் எரிந்திருக்கும்.

நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். ஆரம்பத்தில் கூச்சத்தில் கேட்டதுதான். உள்ளே நுழைந்ததும் என்ன பேசுவதென்று தெரியாது, தண்ணீர் கேட்டுவிடுவேன். பிறகுதான் அதில் இருக்கிற சூட்சுமம் புரிந்தது. நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர் ஒன்று. எப்போதாவது தெருக்குழாயில் வந்து, தொட்டியில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர் ஒன்று. மொட்டை மாடியில் பெரிய டேங்கு உப்புத் தண்ணீருக்கு, சின்ன டேங்கு நல்ல தண்ணீருக்கு. எந்தக் குழாயில் எது வருகிறது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கே சில சமயம் குழப்பம். ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பாதி விவரம் நாக்கிலேயே கிடைத்துவிடும். சில வீட்டில் மிச்சப் பாதியும் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பந்தல்குடி ரோட்டுப் பக்கம் அந்த வீடு. திருச்சுழிப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற குடும்பம். மகள் படிப்புக்காக டவுனில் வீடு கட்டி வந்தவர்கள். மகள் பெயர் கனகா. காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து, ஆபரேஷனில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. வழக்கப்படி சில மாதம் தாயும் பிள்ளையும் இங்கேயே இருந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆனால் காரியாபட்டிச் சம்பந்தியம்மாவுக்கு இதில் மனசில்லை. தன் பேரனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஆசையை ஆசை என்று சொல்ல முடியாதில்லையா, அதனால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுல மூணு போரு. குழாயைத் திறந்தா நாள் பூரா ஊத்தும். உங்க ஊருல குடத்தைத் தூக்கிட்டுத் திரியிறீக. ஆபரேஷன் பண்ண பிள்ளைக்கு வேளாவேளைக்கு வெந்நீரு வேணும். அது நடக்கலைன்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கனகாவின் அம்மா, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அந்த ஒரு வார்த்தையில் தூக்கத்தை விட்டுவிட்டார். ஒரே மகள். ஆபரேஷன் புண்ணோடு அவள் வேறு வீட்டில் கிடப்பதை அக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உடனே குளியலறை ஹீட்டரை உப்புத் தண்ணீர் லைனிலிருந்து கழற்றி, நல்ல தண்ணீர் லைனில் சேர்த்துவிட்டார். பிள்ளைத்தோலுக்கு உப்பு ஆகாது என்று காரணம். நல்லதுதான். அந்த நல்ல தண்ணீர் லைன் மொட்டை மாடியிலிருந்து இறங்கி, ஹீட்டருக்கு ஒரு கிளை, அடுப்படிக் குழாய்க்கு ஒரு கிளை என்று பிரிகிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சேர்த்த சில நாளிலேயே ஹீட்டர் சூடாகவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கட்அவுட் விழுந்திருந்தது. அளவுக்கு மீறிச் சூடானால் தானாக அணைந்துகொள்ளும் பொத்தான் அது. அழுத்திவிட்டேன், எரிந்தது. "எதனால?" என்று கனகாவின் அப்பா கேட்டார். மெலிந்த மனிதர். மீசை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரியது. எனக்குக் காரணம் தெரியவில்லை. வோல்டேஜ் என்று சொன்னேன். தம்பிகளே, தெரியாதபோது வோல்டேஜ் என்று சொல்வது நம் தொழிலின் பழைய பழக்கம். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அவர்கள் மனசும் குளிரும், நாமும் வீடு போய்ச் சேரலாம்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை, மறுபடியும் போன். இந்த முறை காயிலே போய்விட்டது. கழற்றி வெளியே எடுத்தேன். உப்புத் தண்ணீரில் கெட்ட காயில் வெள்ளையாகக் காரை கட்டி, கரும்புச் சக்கை மாதிரி வெடித்திருக்கும். இது அப்படி இல்லை. கறுத்து, நீலம் பாரித்து, வளைந்திருந்தது. ஹீட்டருக்குள் தண்ணீர் இல்லாமல் வெறும் தொட்டியில் எரிந்த காயில்தான் அப்படி இருக்கும்.

"அக்கா, டேங்குல தண்ணி தீர்ந்துச்சா?"

"நம்ம வீட்டுல தண்ணி என்னைக்குத் தீர்ந்துச்சு?" என்றார் அக்கா. கேட்டது நான், பதில் தெருவுக்கே கேட்டது.

மாடி ஏறிப் பார்த்தேன். சின்ன டேங்கு நிறைய தண்ணீர். மூடி ஒழுங்காக மூடியிருந்தது. டேங்குக்கு அடியில் இருக்கிற வால்வும் திறந்தே இருந்தது. இறங்கி வந்து ஹீட்டரைத் தட்டினேன். நிறைகுடம் மாதிரிக் கனமாகச் சத்தம் வந்தது. தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறது, காயிலோ தண்ணீர் இல்லாமல் எரிந்திருக்கிறது. எனக்கு மண்டை காய்ந்தது. புதுக் காயில் போட்டேன்.

"இதுவும் வோல்டேஜா?" என்று மீசைக்காரர் கேட்டார்.

"பார்ப்போம்ணே" என்றேன். அதற்கு மேல் எனக்கும் பேச்சு வராது.

அந்த ஐப்பசியில் மழை நின்ற பாடில்லை. வானத்திலிருந்து தண்ணீர் சும்மா கொட்டியது, தெருக்குழாயில்தான் வரவில்லை. எங்கேயோ பைப் உடைந்துவிட்டதாம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊரே சின்ன டேங்கின் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒரு காலையில் அக்கா போன் செய்தார்.

"தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போறீகளா?"

"மறுபடியும் போச்சாக்கா?"

"இல்ல, நல்லாத்தேன் எரியிது."

"அப்புறம்?"

"காரியாபட்டியில இருந்து சம்பந்தி மதினி வாராக. பிள்ளையக் குளிப்பாட்டுறதைப் பார்க்கணுமாம். கார் எடுத்துட்டு வாராகளாம். கார் எதுக்குத் தம்பி? பிள்ளையப் பார்க்க பஸ்ஸுல வரமாட்டாகளா?" குரல் உடைந்தது. "அவுக இருக்கிற நேரம் மட்டும் நீங்க வீட்டுல இருங்க. எதுவும் ஆச்சுன்னா உடனே பார்த்துருவீகள்ல."

நல்லா ஓடுகிற ஹீட்டருக்குக் காவல் இருக்கப் போனவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். திருவிழாவில் தீயணைப்பு வண்டி ஓரமாக நிற்குமே, அந்த மாதிரி.

போனேன். ஹீட்டர் விளக்கு எரிந்தது. குளியலறையில் குழாயைத் திறந்து பார்த்தேன், கை வைக்க முடியாத சூட்டில் வெந்நீர் வந்தது. அக்காவுக்கு முகம் மலர்ந்தது. பித்தளை வாளியை விளக்கி வைத்திருந்தார். அதை வெந்நீர்க் குழாய்க்குக் கீழே வைத்துத் திறந்துவிட்டு, "நிறையட்டும்" என்று பிள்ளை இருக்கும் அறைக்குப் போனார். சம்பந்தி வரும்போது வாளி தளும்ப ஆவி பறக்க வேண்டும் என்பது திட்டம்.

நான் ஹாலில் உட்கார்ந்தேன். மீசைக்காரர் வாளியை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "மாடியில துணி காயுது, எடுத்துட்டு வாரேன்" என்று மாடி ஏறினார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் எந்தத் துணி காய்கிறது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் மற்றவர் வீட்டுத் துணியைப் பற்றி நாம் என்ன கேட்பது? வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

"அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

அடுப்படியில் போய் ஒரு செம்பில் பிடித்து, குழாயை ஓடவிட்டபடியே வந்து தந்தார். வாயில் ஊற்றினேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஐப்பசி மாதம். விடாமல் மழை. ஓடு, சுவர், நாற்காலி எல்லாம் ஜில்லென்று இருக்கிறது. அடுப்படிக் குழாயில் மட்டும் தண்ணீர் சூடாக வருகிறது. நாக்கில் ஒரு பொடி வேறு நறநறத்தது. அது ஹீட்டருக்குள் பழைய உப்புத் தண்ணீர் காலத்தில் படிந்த காரை. வேறு எங்கேயும் அந்தப் பொடி கிடையாது. நான் ஹீட்டருக்குள் இருக்கும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதே நேரம் குளியலறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எருமை தண்ணீர் குடிக்கிற மாதிரி, களக், களக் என்று. செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன். வாளி பாதிதான் நிறைந்திருந்தது. திறந்து கிடந்த குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. குழாயின் வாயில் விரலை வைத்தேன், உள்ளே காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மாடியில் வால்வை மூடிவிட்டால் மேலிருந்து தண்ணீர் வராது. கீழே அடுப்படியில் குழாயைத் திறந்தால், ஹீட்டருக்குள் இருக்கிற தண்ணீர் வந்த வழியே திரும்பி அடுப்படிக்கு இறங்கும். வெந்நீர்க் குழாய் திறந்து கிடந்தால் அது வழியாகக் காற்று உள்ளே போகும், தொட்டி மடமடவென்று காலியாகும். காயில் வெறும் தொட்டியில் எரியும். அப்புறம் யாராவது வால்வைத் திறந்தால் தொட்டி மறுபடி நிறைந்துவிடும். நான் வரும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக இருந்தது இப்படித்தான். அப்படித் திரும்பாமல் தடுக்க ஹீட்டர் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும், என்.ஆர்.வி. என்கிறோமே அது. ஸ்பானரை எடுத்துக் கழற்றினேன். வெளியே பார்க்க வால்வு மாதிரிதான் இருந்தது. உள்ளே ஸ்பிரிங் இல்லை, மூடி இல்லை, வெறும் ஓட்டை. உப்புத் தண்ணீரில் அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்பதால் நம் ஊரில் சில கெட்டிக்காரர்கள் அதன் குடலை உருவிவிட்டு மாட்டுவார்கள். அந்தக் கெட்டிக்காரர்களில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இனிமேல் செய்யாதீர்கள்.

வால்வைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். வாசலில் கார் ஹாரன் அடித்தது.

காரியாபட்டி அம்மா நல்ல வாட்டசாட்டமான ஆள். குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். பேரனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குத்தான் வந்தார். வந்த காரியம் எது என்று அதிலேயே தெரிந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். குழாயைத் திருகிப் பார்த்தார். புஸ் என்று காற்று வந்தது.

"இதுதேன் வேளாவேளைக்கு வெந்நீரா மதினி?"

அக்கா பாதி நிறைந்த வாளியை இழுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலை. இல்லாததுக்கு யாரு என்ன பண்ண முடியும்? கனகா, துணியை எடுத்து வை ஆத்தா. மழை வலுக்குறதுக்குள்ள போயிருவோம்."

உள்ளே கனகா எழுந்து உட்காரும் கட்டில் சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். தம்பிகளே, அந்தப் பார்வை கரண்டு அடித்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். யாரோ மாடியில் வால்வை மூடுகிறார்கள் என்று நான் சொன்னால், பேரனுக்குத் தண்ணீர் ஊற்ற மனசில்லாத வீடு என்று பெயராகிவிடும். சொல்லாவிட்டால், பழுதுக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். இப்போதே பெண்ணும் பிள்ளையும் காரில் ஏறிவிடுவார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் பொய் சொல்லாதீர்கள். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, நம்மைப் போன்றவர்களுக்கு அது சரியாக வராது. உண்மையில் ஒரு துண்டை மட்டும் எடுத்து நீட்டுங்கள். நான் கையிலிருந்த வால்வை நீட்டினேன்.

"அம்மா, இவுக மேல தப்பு இல்ல. பழைய ஆளு இந்த வால்வை உள்ள ஒண்ணும் இல்லாம மாட்டிருக்கான். ஹீட்டர் தண்ணி திரும்பி இறங்கிருது. புதுசு பையில இருக்கு. ஒரு பீடி குடிக்கிற நேரத்துல மாட்டிருவேன்."

என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் ஒரு பெண்ணிடம் பேசியது அதுதான் முதல் தடவை. என் மனைவிக்கே அது ஆச்சரியம்.

காரியாபட்டி அம்மா வால்வை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"சரி. இது இல்லைன்னா தண்ணி திரும்பும். ஆனா மேல டேங்குல தண்ணி இருந்து, வால்வு திறந்திருந்தா அது எதுக்குத் திரும்புது? மேல மூடுனாத்தானே தம்பி திரும்பும்?"

எரிந்த காயிலைப் பார்த்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து நான் கண்டுபிடித்ததை அந்த அம்மா ஒரு ஓட்டை வழியாகப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"யாரு மூடுனது?"

மீசைக்காரர் மாடிப்படியைப் பார்த்தார்.

"நாந்தேன் மதினி" என்று அக்கா அழுதுவிட்டார். "பிள்ளையைக் குளிப்பாட்டுன உடனே மூடிருவேன். பிள்ளைக்கு ஊத்த மனசில்லாம இல்ல மதினி, சத்தியமா. இந்தா நிக்கிற எங்க வீட்டுக்காரக குளிக்க உள்ள போனா வெளிய வர மாட்டாக. நல்ல தண்ணி பூராத்தையும் முதுகுல ஊத்தித் தீர்த்துருவாக. குழாயில எப்ப வரும்னு தெரியலை. அதேன்."

"ஏய், நீ மூடுனியா?" என்றார் மீசைக்காரர். அதிர்ச்சியோடு கேட்டார். பிறகு சம்பந்தியைப் பார்த்து, "அவ இல்ல தங்கச்சி. இப்ப மூடுனது நாந்தேன். இவ வாளியைத் திறந்துவிட்டுட்டு உள்ள போயிட்டா. வழிஞ்சு ஓடிரும்னு மேல போயி மூடுனேன். தினமும் இப்படித்தேன், எதையும் திறந்தபடி போட்டுட்டுப் போயிருவா."

"நான் திறந்துபோட்டுப் போறேனா? துணி எடுக்கப் போறேன்னுட்டு இதுக்குத்தேன் மாடிக்குப் போனீகளா?"

அப்போது அறைக்குள்ளிருந்து கனகாவின் குரல் வந்தது. "அம்மா, சண்டை போடாதீக. நானும் மூடுவேன்."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டார். "ஏண்டி! ஆபரேஷன் பண்ண உடம்போட மாடி ஏறுனியா?"

"நீங்க மத்தியானம் தூங்கும்போது. அப்பா ஷேவிங் பண்றேன்னு குழாயைத் திறந்துவிட்டுட்டு போனைப் பார்த்துக்கிட்டு நிப்பாக. பிள்ளை துணி அலச சாயங்காலம் தண்ணி வேணும்ல."

இப்போது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யார் அதிகம் செலவழிப்பது, யார் எத்தனை தரம் கை கழுவுவது, யார் போன தீபாவளிக்குத் தலைக்கு நல்ல தண்ணீரில் குளித்தது என்று பட்டியல் பெரிதாகப் போனது. சம்பந்தி நிற்பது யாருக்கும் நினைவில்லை. நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். நம் தொழிலில் ஸ்பானரைத் துடைப்பது பெரிய உதவி. முகத்தை அதில் வைத்துக்கொள்ளலாம்.

காரியாபட்டி அம்மா இரண்டு கையையும் தட்டினார். எல்லோரும் நின்றார்கள்.

"மூணு பேரும் மூடுனீக. சரி. அப்பத் திறந்தது யாரு?"

அக்கா யோசித்துப் பார்த்து, "காலையில நான் போவேன். மூடித்தேன் கிடக்கும். நேத்து நான் மூடுனதுன்னு நினைச்சுத் திறப்பேன்" என்றார். மீசைக்காரரும், "நானும் அப்படித்தேன்" என்றார். உள்ளேயிருந்து, "நானும்" என்று கேட்டது. மூடியவர்களும் அவர்கள்தான், திறந்தவர்களும் அவர்கள்தான். ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரே வால்வை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் திருகிக்கொண்டிருந்திருக்கிறார்கள். படியில் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளாதது அதிசயம்.

இனி அந்த அம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்று அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பெண் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழில்காரனுக்கு வருகிற சாதாரணச் சந்தேகம் அது, வாயில் வந்துவிட்டது.

"அம்மா, மேல மூடுனா கீழ ஹீட்டர் காலியாகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காரியாபட்டி அம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம் தெரிந்தது. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சுவரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க வீட்டுல ரெண்டு ஹீட்டர் போச்சு தம்பி. ரெண்டையும் கொன்னது நாந்தேன். மகன் நல்ல தண்ணியில குளிக்கப் போனா மேல ஏறி மூடிருவேன். உங்க ஊருல இருந்து வந்த மெக்கானிக்கு வோல்டேஜுன்னு சொல்லிட்டுப் போனான்."

காரியாபட்டியில் வோல்டேஜ் சொன்ன மெக்கானிக் நான் இல்லை. ஆனாலும் ஸ்பானரை மறுபடி துடைத்தேன்.

அக்கா வாயிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தார். "மூணு போரு இருக்குன்னீக?"

"மூணுலயும் உப்பு."

"அப்ப இன்னைக்குத் தேதிக்கு உங்க வீட்டுல வெந்நீரு?"

"விறகுதேன்."

அக்கா கொஞ்சம் நிமிர்ந்தார். அவ்வளவு நேரம் குனிந்து இருந்தவர் எவ்வளவு உயரம் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "விறகா? இந்த மழையில? ஈர விறகுப் புகையில எம் பேரனை வச்சுக் குளிப்பாட்டவா மதினி கார் எடுத்துட்டு வந்தீக?"

"மதினி, ஆசை இருக்காதா எனக்கு?" என்றார் காரியாபட்டி அம்மா. சிரிப்பு நின்றிருந்தது. "ஒத்தை மகன். பேரன் பிறந்து, அவன் வாசம் வீட்டுல இல்லை. தூங்க முடியலை. வேற என்னத்தைச் சொல்லிக் கூட்டிட்டுப் போறது? தண்ணியத்தேன் சொல்ல முடிஞ்சது."

பிறகு அக்கா, "முதல்ல பிள்ளையப் பாருங்க. வந்ததுல இருந்து நீங்க குழாயைத்தானே பார்த்தீக" என்று அவர் கையிலிருந்த குடையை வாங்கினார்.

நான் புது வால்வை மாட்டினேன். மாடிக்குப் போய்த் திறந்துவிட்டு, தொட்டி நிறைந்ததைப் பார்த்து சுவிட்சைப் போட்டேன். காரியாபட்டி அம்மாதான் பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். அந்த வாளி முழுவதையும் காலி செய்தார். மீசைக்காரர் ஹாலில் உட்கார்ந்து, ஊற்றுகிற ஒவ்வொரு செம்புக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவர்களிடம் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். வால்வை மூடுவது தப்பில்லை, நம் ஊரில் மூடாமல் முடியாது. மூடப் போகிறவர் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, "மூடுறேன்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஒளித்து மூடாதீர்கள் என்று எந்த வீட்டுக்கும் போதிக்காதீர்கள். கேட்க மாட்டார்கள். சத்தம் போட்டு மூடச் சொல்லுங்கள். பழுது எங்கே இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லலாம். யாரால் வந்தது என்பதை அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். சொல்வார்கள். நமக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், துடைக்க ஒரு ஸ்பானர் வேண்டும்.

சாப்பாடு முடிந்து, மழை விட்டபோது காரியாபட்டி அம்மா கிளம்பினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மகன் வேலைக்குப் போற நாளாப் பார்த்து வா தம்பி. எங்க வீட்டுலயும் இந்த மாதிரி ஒண்ணை மாட்டணும். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிராதே" என்றார். கனகா பிள்ளையோடு நடை வரைக்கும் வந்து வழியனுப்பினாள். "காபி நல்லா இருந்துச்சு மதினி. எங்க தண்ணியில இந்த ருசி வராது" என்று காரியாபட்டி அம்மா ஒரு வார்த்தை சொன்னதுதான், அக்கா உள்ளே ஓடினார். இரண்டு பெரிய கேன் நிறைய நல்ல தண்ணீர் பிடித்து, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். மீசைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மீசையைத் தடவிக்கொண்டார்.

காரின் பின்சீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் என்று தலையணை, கம்பளி, சின்ன மெத்தை எல்லாம் விரித்து வைத்திருந்தார்கள். காரியாபட்டி அம்மா அந்த மெத்தையில் இரண்டு கேனையும் அணைத்தாற்போல் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, மேலே கம்பளியைச் சுற்றினார். டிரைவரிடம், "மெதுவாப் போப்பா, குலுங்கக் கூடாது" என்றார்.